அக்கம்மாள் மேல் கேஸ் இல்லை

தேவாரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் வீடு பத்து நிமிஷ நடை. திலீபன் என்ற அந்த வெளியூர்ப் பையன் வந்து சேர நாலு மணி நேரம் ஆனது. தப்பு அவன் மேல்தான். டீக்கடையில் போய், "கஞ்சா கேஸ்ல உள்ள போன தங்கப்பாண்டி வீடு எது?" என்று கேட்டிருக்கிறான். எங்கள் பக்கத்தில் அப்படிக் கேட்கிறவன் ஒன்று மஃப்டியில் வந்த போலீஸாக இருப்பான், இல்லையென்றால் சரக்குத் தேடி வந்தவனாக இருப்பான். ரெண்டு பேருக்கும் ஊரில் ஒரே பதில்தான். நேரெதிர்ப் பக்கம் கையைக் காட்டிவிடுவார்கள். அவனைப் பண்ணைப்புரத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்தவர்கள் கோம்பைக்கு அனுப்பினார்கள். கோம்பையில் ஒரு புண்ணியவான் உத்தமபாளையம் பஸ்ஸில் ஏற்றியே விட்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றான். முதுகில் பை, கழுத்தில் கம்பெனி அட்டை, இருபத்தெட்டு வயசு இருக்கும். நான் வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். தேனியில் நர்சிங் படிக்கும் என் மகள் கயல் லீவுக்கு வந்திருந்தாள். உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தங்கப்பாண்டி அண்ணன் வீடு..."

"என்ன, மறுபடியும் எங்கனயாச்சும் மூட்டை பிடிச்சிட்டீகளா? அதுக்கு ஏன் இங்கன வாறீக? அந்த மனுசன் வெளிய வந்து பதிமூணு வருசமா திராட்சைக்கு மருந்தடிக்கிறாரு. வேணும்னா மோந்து பாருங்க, பூச்சி மருந்து வாடைதான் அடிக்கும்!"

"ஐயோ அக்கா, நான் போலீஸ் இல்ல. எனக்குக் கெங்குவார்பட்டி. அண்ணனுக்கு வேலை குடுக்க வந்திருக்கேன்."

அந்தப் பேச்சை எங்கள் வாசலில் நின்று சொன்ன ஆள் அதுவரை ஒருவரும் கிடையாது. நான் மொச்சைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பாயை விரித்தேன்.

அவன் சொன்னது இதுதான். விவசாயம் படித்துவிட்டு உத்தரகாண்டில் அல்மோரா பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறான். அங்கே அந்தச் செடியை வளர்க்க சர்க்காரே லைசென்ஸ் தருகிறது. மலை ஊர்க்காரர்கள் நாருக்கும் விதைக்கும் காலம் காலமாக விதைக்கிறார்கள். விதையை வறுத்துச் சட்னி அரைக்கிறார்கள்.

"சட்னியா?"

"ஆமாக்கா. போலீஸ்காரர் வீட்லயும் அதே சட்னிதான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை, வயிறு எரிந்தது. இங்கே அந்தச் செடியின் பெயரைச் சொன்னதற்கே மனுஷர்களைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், அங்கே தொட்டுக்கொண்டு சாப்பிடுகிறார்களாம்.

அவன் கம்பெனி மருந்து ஆராய்ச்சிக்கென்று தனியாக ஒரு தோட்டம் போட்டிருக்கிறது. அதில் பெண் செடிதான் நிற்க வேண்டும். ஆண் செடியைப் பூக்கும் முன்னால் கண்டுபிடித்துப் பிடுங்கிவிட வேண்டும். ஒன்று தப்பினாலும் தோட்டம் முழுக்கக் கெட்டுவிடும். போன வருஷம் அப்படித்தான் கெட்டது. அதற்குக் கண் உள்ள ஆள் வேண்டும்.

"எங்க ஊர்ல மொக்கைச்சாமின்னு ஒரு மாமா இருக்காரு. மதுரை ஜெயில்ல அண்ணன்கூட இருந்தவரு. செடியைப் பாத்த ஒடனே ஆணா பொண்ணான்னு சொல்றதுல தங்கப்பாண்டியை அடிச்சுக்க ஆளில்லன்னு இப்பவும் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு."

அதற்குள் என் வீட்டுக்காரர் குளித்துவிட்டுத் துண்டோடு வந்து நின்றிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் என்னைப் பார்க்காமல் தலையைத் துவட்டினார். ஜெயிலுக்குள்ளே அவர் பீற்றிக்கொண்டது எனக்கு ஆச்சரியமாக இல்லை. பீற்றாவிட்டால் கேஸில் சிக்கிய தோட்டம் அவருடையது என்று யார் நம்பியிருப்பார்கள்?

திலீபன் போனை எடுத்து எட்டுப் படங்கள் காட்டினான். ஒவ்வொன்றிலும் ஒரு செடியின் கணு, கிட்டத்தில் எடுத்தது.

"சும்மா ஒரு பேச்சுக்குத்தாண்ணே. எது ஆணு, எது பொண்ணு?"

அவர் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், தொண்டையைச் செருமினார். "இது பொண்ணு," என்றார். தப்பு. "இது ஆணு." அதுவும் தப்பு. மூன்றாவதைப் பார்த்து, "இது நல்ல செடி," என்றார். திலீபன் முகம் சுருங்கிப்போனது. நாலு மணி நேர அலைச்சல் இதற்குத்தானா என்று அவன் நினைத்திருப்பான்.

நானும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். நாலாவது படத்துக்கும் அவர் தப்பாக வாயைத் திறந்ததும் எனக்கு ஆகவில்லை. போனைப் பிடுங்கிவிட்டேன்.

"கண்ணு அவிஞ்சா போச்சு? கணுவுல உருண்டையாத் தொங்குதுல்ல, அது ஆணு. ரெண்டு வெள்ளை இழை நீட்டிக்கிட்டு இருக்குல்ல, அது பொண்ணு. ஒண்ணு, மூணு, நாலு, எட்டு ஆணு. ரெண்டு, அஞ்சு, ஏழு பொண்ணு. தம்பி, இந்த ஆறாவது ரெண்டுங்கெட்டான். இழையும் இருக்கு, அடியில உருண்டையும் இருக்கு பாரு. இதைத்தான் மொதல்ல பிடுங்கணும். போன வருசம் உன் தோட்டத்தைக் கெடுத்தது இந்த மாதிரி ஒண்ணாத்தான் இருக்கும்."

திலீபன் வாயைத் திறந்தபடி இருந்தான். வாசற்படியில் கயல் மடித்த துண்டோடு நின்றாள்.

"அம்மா," என்றாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

எத்தனையோ இன்ஸ்பெக்டர்கள் வந்து போனார்கள். ஒருவரிடமும் நான் வாய் விட்டதில்லை. பதினாறு வருஷம் கட்டிக் காத்ததை எட்டுப் படத்துக்குத் தோற்றேன். ஒரு வேலையைத் தப்பாகச் செய்வதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. நான் கூலிக்குப் போகிற திராட்சைத் தோட்டத்திலும் அதனால்தான் என்னைக் கண்டால் மற்ற பெண்களுக்கு ஆகாது.

இனிமேல் மறைத்து என்ன? சொன்னேன்.

பன்னிரண்டு வயசில் எங்கள் அம்மாவோடு மலைக்குக் களையெடுக்கப் போவேன். என்ன செடி என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நாங்களும் கேட்க மாட்டோம். ஆண் செடி பிடுங்குகிற நாளில் மட்டும் என்னைத் தேடுவார்கள். என் கண் அப்படி. கல்யாணமாகி, கயல் பிறந்து, குத்தகைக்குப் பிடித்த திராட்சை மூன்று போகம் தொடர்ந்து செவட்டை நோய் விழுந்து போனது. அடிவாரத்தில் ஆமணக்குக்கு நடுவில் கால் ஏக்கர் போட்டேன். நான்தான் போட்டேன். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். அவர் லாரியில் வாழைத்தார் ஏற்றுகிற ஆள். செடியைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது.

பிடிபட்ட அன்றைக்கு மண்வெட்டியோடு நான் தோட்டத்தில் நிற்கிறேன். அவர் தூக்குவாளியில் எனக்குக் கஞ்சி கொண்டுவருகிறார். பின்னாலேயே போலீஸ் ஜீப் சத்தம். அவர் ஓடி வந்தார். தூக்குவாளியை என் கையில் திணித்தார், மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். "யார்ரா போட்டது?" என்று கேட்டு முடிக்கக்கூட இல்லை. "நான்தாங்கய்யா. அது எம் பொண்டாட்டி, கஞ்சி கொண்டாந்தா," என்றார். நான் கஞ்சி கொண்டுவந்தவளாகவே நின்றேன். வீட்டில் மூன்று வயசுப் பிள்ளை. அந்த நிமிஷத்தில் எனக்கு வாய் வரவில்லை, அப்புறம் வந்தும் பிரயோஜனமில்லை. அவருக்கு மூன்று வருஷம் ஜெயில் போட்டார்கள்.

கயல் அவரிடம் முகம் கொடுத்துப் பேசி ரொம்ப நாளாகியிருந்தது. காலேஜில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால் அவளுக்கு நெருப்பை மிதித்த மாதிரி இருக்கும். நான் சொன்னதைக் கேட்டதும் வந்து அவர் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள்.

"ஏம்ப்பா சொல்லல?"

"சொன்னா உங்கம்மா மேலயும் கோவப்படுவ. வீட்ல ஒரு ஆள் மேல கோவப்பட்டாப் போதாதா?" என்றார். அவள் அவர் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நான் மொச்சையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். எனக்கு அங்கே நிற்க யோக்கியதை இல்லை என்று பட்டது.

திலீபன் போகும்போது என்னைத் தேடி அடுப்படிக்கே வந்தான்.

"அக்கா, உள்ளதைச் சொல்லிர்றேன். போதைக் கேஸ்ல தண்டனை வாங்குனவுக எங்க வேலிக்குள்ள கால் வைக்கக் கூடாது, கம்பெனி விதி. அண்ணனை வெளியவே வச்சு மத்த ஆளுகளுக்குப் பழக்கி விடலாம்னுதான் நெனச்சு வந்தேன். உங்க மேலதான் கேஸே இல்லையே. நீங்க நேரா உள்ள போகலாம். ஸ்டேஷன்ல ஒரு நன்னடத்தைச் சான்று மட்டும் வாங்கிருங்க. மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."

உங்கள் மேல் கேஸே இல்லையே. அந்தப் பிள்ளை நல்ல மனசோடுதான் சொன்னான். எனக்குத்தான் எங்கேயோ குத்தியது.

அந்த வாரம் முழுக்கத் திராட்சைத் தோட்டத்தில் குலை திருத்திக்கொண்டே யோசித்தேன். போக ஆசையா என்றால், ஆசைதான். பொய் சொல்ல மாட்டேன். அந்தச் செடியை நான் ஒரு நாளும் வாயில் வைத்ததில்லை. ஆனால் அதை வளர்க்கிற வேலை எனக்குப் பிடிக்கும். அந்தப் படங்களைப் பார்த்தபோது என் கை பரபரத்தது. இந்தப் பூமியில் எனக்கு ரொம்ப நன்றாக வருகிற ஒரே வேலை, வெளியே சொல்ல முடியாத வேலையாகப் போய்விட்டதே என்று எத்தனை நாள் நொந்திருக்கிறேன். அங்கே போனால் பகலில், நாலு பேர் பார்க்க, பெயர் சொல்லிச் செய்யலாம்.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பள்ளத்தாக்கில் எங்கே கஞ்சா மூட்டை பிடிபட்டாலும் போலீஸ்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். வீரபாண்டித் திருவிழா வந்தால் முன்கூட்டியே அவரைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். அடிக்க மாட்டார்கள், திட்டவும் மாட்டார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த மனுஷர் ஸ்டேஷன் பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என் தோட்டத்துக்காக. ஒவ்வொரு தடவையும் என் தோட்டத்துக்காக.

குளிரும் இந்தியும் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. கேரளத்து ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போய் மலையாளம் பேசக் கற்றுக்கொண்டவளுக்கு இந்தி என்ன பிரமாதம்? கயலுக்கு ஹாஸ்டல் இருக்கிறது. அவரை விட்டுப் போவதுதான் உறுத்தியது. அவர் வாங்கிக்கொண்ட கெட்ட பெயரால் எனக்கு மிஞ்சிய நல்ல பெயரைக் கொண்டுபோய் ஒரு கம்பெனிக்காரனிடம் நீட்டுவதா? எத்தனை தடவை திருப்பிப் போட்டாலும் கணக்கு அங்கேதான் வந்து நின்றது.

சனிக்கிழமை சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். "நான் போகல."

அவர் ரசம் ஊற்றிச் சாப்பிட்டார், கை கழுவினார், கயலுக்குப் போன் போட்டுக்கொண்டு வெளியே போனார். என்னமோ காலேஜ் விஷயம் என்று இருந்துவிட்டேன்.

புதன்கிழமை வாசலில் ஸ்டேஷன் ஏட்டய்யாவின் பைக் நின்றது. அந்தச் சத்தம் கேட்டால் என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு தானே கிளம்பிவிடுவார். அன்றும் மாட்டிக்கொண்டு வந்தார்.

"நீ இரு தங்கப்பாண்டி. இன்னைக்கு உன்னைய இல்ல, அக்கம்மாளை," என்றார் ஏட்டய்யா.

ஏட்டய்யா ஒரு தாளை நீட்டினார். நன்னடத்தைச் சான்றுக்கு என் பெயரில், என் ஆதார் நம்பரோடு ஆன்லைனில் விண்ணப்பம். அப்பனும் மகளும் சேர்ந்து செய்த வேலை. நான் திரும்பி அவரை முறைத்தேன். அவர் மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார், மழை வருமா என்று பார்க்கிறாராம்.

ஏட்டய்யாவுக்கு டீ கொடுத்தேன். "பண்ணை மேற்பார்வைன்னு போட்டிருக்கு. என்ன பண்ணை அக்கம்மா? கோழியா, மாடா?"

"கஞ்சாப் பண்ணை," என்றேன்.

டீ மூக்கில் ஏறி அவர் இருமிய இருமலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

"பதறாதீக. சர்க்கார் லைசென்சு. வேலி இருக்கு, கேமரா இருக்கு, அளந்து பாக்க ஆபீசர் இருக்காக. உங்களை மாதிரி மோந்து பாத்துக் கண்டுபிடிக்கத் தேவையில்ல. இந்தா, படிங்க." திலீபன் அனுப்பிய லைசென்ஸ் நகலைப் போனில் காட்டினேன். அவர் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார்.

"அடப் பாவிகளா," என்றார். "இதைப் பிடிச்சுப் பிடிச்சே என் சர்வீஸ் முடியப்போகுது. அங்கன சம்பளம் குடுத்து வளக்கச் சொல்றாகளா?" பிறகு பேனாவை எடுத்தார். "சரி, கேக்க வேண்டியதைக் கேக்கணும்ல. உன் மேல கேஸ் ஏதும் இருக்கா? இல்ல, இதுக்கு முன்னாடி இந்த மாதிரி எதுலயாச்சும் நீ..."

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாக உண்மையைச் சொல்லத்தான் திறந்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்த ஒவ்வொரு நாளையும் சொல்லியிருப்பேன்.

"இல்லைங்கய்யா," என்றார் என் வீட்டுக்காரர். "அவ மேல எதுவும் இல்ல. எல்லாம் நான்தான்." அடிவாரத்தில் சொன்ன அதே வேகம். ஏட்டய்யா எழுதிக்கொண்டார்.

எட்டாம் நாள் இ-சேவை மையத்தில் அவரே போய்ப் பிரிண்ட் எடுத்துவந்தார். ஒரே பக்கம். என் பெயர், என் கணவர் பெயர், முகவரி. கீழே ஒரு வரி: மேற்படி நபர் மீது குற்ற வழக்குகள் எதுவும் இல்லை.

அந்த வரியைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"பொய்க் காகிதம்," என்று கத்தினேன். "இதைத் தூக்கிக்கிட்டு நான் எந்த மூஞ்சியோட போவேன்? உங்களை இங்கன பெஞ்சுல உக்கார வச்சிட்டு நான் அங்கன மகாராணியாட்டம் செடி வளக்கவா? என்னைய என்னன்னு நெனச்சீக?"

காகிதத்தை இரண்டாக மடித்துக் கிழிக்கப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். வலிக்கும்படி பிடித்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மனுஷர் என்னை அப்படிப் பிடித்ததில்லை.

"கிழிக்காத," என்றார். "போலீஸா குடுத்துச்சு அதை? நான் வாங்குனது. மூணு வருசம் களி தின்னு வாங்குனது. இன்னமும் பெஞ்சுல உக்காந்து வாங்கிக்கிட்டு இருக்கேன். அது சும்மா பெட்டிக்குள்ள கெடக்கவா? நீ போகலைன்னா, அப்பறம் நான் எதுக்குடி உள்ள போனேன்?"

வாய்க்கு வாய் பேசுகிறவள் நான். அன்றைக்கு அவருக்கு முன்னால் வாய்விட்டு அழத்தான் முடிந்தது. பக்கத்து வீட்டு ஜன்னல் மறுபடி திறந்தது, திறந்துவிட்டுப் போகட்டும் என்று அழுதேன். அவர் கையை விடாமல் நின்றார்.

அழுது முடித்ததும் எனக்குத் தெளிவாகிவிட்டது. போவது, அவ்வளவுதான். அவர் கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிற வழி எதுவும் கிடையாது. கொடுத்ததை வீணடிக்காமல் இருக்கிற வழி ஒன்றுதான் இருக்கிறது. ஆனால் இவரைப் பெஞ்சில் விட்டுவிட்டு இந்த ஊரைத் தாண்ட மாட்டேன். கேஸ் முடிந்து எவ்வளவோ காலம் ஆகிறது. அவரை இங்கே கட்டி வைக்க எந்தச் சட்டமும் இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திலீபனுக்குப் போன் போட்டேன்.

"தம்பி, சான்று வந்துருச்சு. நான் வாறேன். ஆனா ரெண்டு டிக்கெட்டாப் போடு."

"அக்கா, அண்ணன் வேலிக்குள்ள வர முடியாதுன்னு அன்னைக்கே சொன்னேன்ல?"

"உள்ள யாரு விடச் சொன்னா? வேலிக்கு வெளிய ஒரு வீடு பாரு. வெளிய குடியிருக்கதுக்குமா லைசென்சு கேப்பாக?"

"வீடு பாத்திரலாம்க்கா. ஆனா நீங்க காலையில உள்ள போனா சாயங்காலந்தான் வெளிய வர முடியும். பாஷை தெரியாத ஊர்ல அண்ணன் நாள் பூரா வெளிய என்ன செய்வாரு?"

அவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் பதில் சொன்னேன்.

"காத்துக்கிட்டு இருப்பாரு. எப்பிடி இருக்கணும்னு நான் சொல்லிக் குடுத்துக்கிறேன். மூணு வருசம் நான் வெளிய இருந்தவதானே."